பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா: பிலிம் போடுவதற்கு முன்பும் பின்பும் – முழுமையான வழிகாட்டி

ஃபெட், சோர்க்கி, கீவ் ஆகிய பெயர்களில் ஒன்றைத் தாங்கிய, தூரமானியால் (ரேஞ்ச்ஃபைண்டர்) ஃபோகஸ் செய்யும் சோவியத் கேமரா கைக்கு வந்ததும், பெரும்பாலானவர்கள் அன்று மாலையே பிலிம் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து லேபிலிருந்து படமே விழாத வெறும் நெகட்டிவ் (கழுவிய பிலிம்) வருகிறது. அல்லது 36 படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. கேமரா கெட்டது என்று முடிவுகட்டி, அதை அலமாரியில் அலங்காரமாக வைத்துவிடுகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் என்னிடம் கற்க வந்த இளைஞர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் முதல் ரோலை இழந்தார்கள். கேமராக்களில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருந்தன. வேலைகளைச் செய்த வரிசைதான் தவறு.

ஆகவே இந்த வழிகாட்டியில் பிலிம் ஏழாவது படியில்தான் வருகிறது. முதல் ஆறு படிகளுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

1. எந்தக் கேமரா

முதல் கேமராவாக ஃபெட்-2 அல்லது சோர்க்கி-4 வாங்குங்கள். இரண்டிலும் பின்மூடி முழுவதுமாகக் கழன்று வரும். பிலிம் போடுவதும், ஷட்டர் திரையைப் பார்ப்பதும், உள்ளே தூசி ஊதுவதும் இதனால் எளிது. ஃபெட்-1, சோர்க்கி-1 ஆகியவற்றில் அடிப்பக்கமாகத்தான் பிலிமைச் செருக வேண்டும். அதற்கு ஒவ்வொரு ரோலின் நாக்கையும் (கேசட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் முனை) சுமார் 10 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்தாக வேண்டும். முதல் கேமராவில் அந்தச் சிரமம் வேண்டாம்.

ஃபெட்-4 போன்றவற்றில் செலினியம் ஒளிமானி இருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதன் அளவை நம்ப முடியாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கீவ் கேமராவின் லென்ஸ் பிடிப்பும் ஷட்டரும் வேறு வகை. அதன் லென்ஸ் ஃபெட், சோர்க்கியில் பொருந்தாது. நான் இங்கே சொல்வது ஃபெட், சோர்க்கி குடும்பத்துக்கானது.

ஜெர்மன் ராணுவச் சின்னமும் ‘லைக்கா’ என்ற பெயரும் பொறித்துப் பொன்னிறத்தில் மின்னும் கேமரா மலிவாகக் கிடைத்தால், அது பெரும்பாலும் பழைய ஃபெட்டோ சோர்க்கியோதான். வேலை செய்யும், ஆனால் அந்தப் பெயருக்கான விலை கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது மறக்காமல் கேட்க வேண்டியது, உள்ளே பிலிம் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல் இருக்கிறதா என்பது. அது தனியாகக் கழன்று வரும் பாகம். பல கேமராக்கள் அது இல்லாமலேயே விற்பனைக்கு வருகின்றன. அதைத் தேடி அலைவதே ஒரு மாத வேலை.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு சிறிய டார்ச், அளவு நாடா, ஒரு துண்டு டிரேசிங் பேப்பர், பூதக்கண்ணாடி, ரப்பர் ஊதி, ஒரு நோட்டு. செல்போனில் ஒளி அளக்கும் செயலி ஒன்று.

இவற்றோடு ஒரு வீணான பிலிம் ரோலும் வேண்டும். பழைய ஸ்டுடியோக்களின் மேசை இழுப்பறையில் காலாவதியான ரோல்கள் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கை பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. பகல் வெளிச்சத்திலேயே போட்டு, கழற்றி, மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

3. முதலில் முறுக்கு, பிறகுதான் வேகம்

இந்தக் கேமராக்களின் மிக முக்கியமான விதி இதுதான். ஷட்டர் வேகத்தை மாற்றுவதற்கு முன் முறுக்குக் குமிழை முழுவதும் சுற்றி, ஷட்டரை ஏற்றிவிட வேண்டும்.

காரணம் இது. வேகக் குமிழ் ஷட்டரின் அச்சோடு சேர்ந்தே சுழல்கிறது. ஷட்டரை ஏற்றும்போது ஒரு பக்கம் நகர்கிறது, படம் எடுக்கும்போது திரும்பி வருகிறது. ஏற்றாத நிலையில் குறி காட்டும் எண்ணுக்கும் உண்மையான வேகத்துக்கும் தொடர்பில்லை. அந்த நிலையில் வேகத்தை மாற்றினால், நீங்கள் நினைத்த வேகம் கிடைக்காது. சோர்க்கி-4, ஃபெட்-3 போல ஒரு வினாடி வரை மெதுவான வேகங்கள் கொண்டவற்றில் இதைவிட மோசமாக உள்ளே இருக்கும் பல்சக்கரத் தொகுதியே சிக்கிக்கொள்ளலாம். என்னுடைய முதல் சோர்க்கியின் மெதுவான வேகங்களை நான் இப்படித்தான் ஒரே வாரத்தில் இழந்தேன். இன்றுவரை அவை திரும்பவில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: முறுக்கு, குமிழை மேலே தூக்கு, எண்ணுக்குத் திருப்பு, கீழே அமரவிடு, ஃபோகஸ் செய், அழுத்து. குமிழ் சரியாக அமர்ந்ததை விரல்நுனியில் உணர வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவே அது நிற்கக் கூடாது. திருப்பும்போது ஏதாவது ஓரிடத்தில் எதிர்ப்புத் தெரிந்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

பிலிம் இல்லாமல் ஒரு நாளைக்கு ஐம்பது முறை இதைச் செய்யுங்கள். நீண்ட நாள் அலமாரியில் கிடந்த ஷட்டர் இந்தப் பயிற்சியால் கொஞ்சம் இளகும் என்பது கூடுதல் பயன். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தம்பி மூன்றாம் நாளே, “அண்ணா, கை தானாகவே முறுக்கிவிடுகிறது, நான் நினைப்பதற்கு முன்பே” என்றான். அந்த நிலைக்கு வந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

முறுக்கிய நிலையிலேயே கேமராவை நாட்கணக்கில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் (ஸ்பிரிங்) தளர்ந்துவிடும்.

4. ஷட்டர் திரையைச் சோதித்தல்

ஷட்டர் என்பது ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள். காலப்போக்கில் ரப்பர் வெடித்து ஊசித்துளைகள் விழும்.

லென்ஸையும் பின்மூடியையும் கழற்றுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸ் இருந்த பக்கம் டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். நட்சத்திரம் போல் ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் துளைகள் இருக்கின்றன.

இங்கே பலரும் செய்யும் தவறு, ஒருமுறை பார்த்துவிட்டு முடித்துவிடுவது. ஷட்டரை ஏற்றாத நிலையில் ஒரு திரை முன்னால் நிற்கும். ஏற்றிய நிலையில் மற்றொரு திரை. எனவே இரண்டு நிலைகளிலும் பார்த்தால்தான் இரண்டு திரைகளையும் பார்த்ததாகும்.

ஒன்றிரண்டு சிறு துளைகள் என்றால், நெகிழும் தன்மையுள்ள கறுப்புத் துணிப் பெயின்ட்டைத் தீக்குச்சி நுனியால் மெல்லிய பூச்சாக வைத்து அடைக்கலாம். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் திரை சுருளும்போது ஒட்டிக்கொண்டு வேகம் மாறும். திரை முழுவதும் வெடித்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். அது பழுதுபார்ப்பவர் வேலை.

பிறகு வெள்ளைச் சுவரை நோக்கி வைத்து, பின்பக்கமிருந்து பார்த்தபடி 1/500 வினாடி வேகத்தில் அழுத்துங்கள். செவ்வகம் முழுவதும் ஒரே அளவில் ஒளி மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டிருந்தால் அந்த வேகத்தைப் பயன்படுத்தாதீர்கள். 1/250-இலும் 1/125-இலும் சரியாக இருந்தால் போதும், நம் ஊர் வெயிலுக்கு அவையே நிறைய வேலை செய்யும். சில கேமராக்களில் இந்த எண்கள் 200, 100 என்றும் இருக்கும். அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையை நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்வேன். இந்தக் கேமராவில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் பிரதிபலிக்கும் கண்ணாடி (மிரர்) கிடையாது. லென்ஸ் நேரே துணித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூடி போடாத கேமராவைச் சூரியனை நோக்கி வைத்தால், பூதக்கண்ணாடி தாளை எரிப்பது போலத் திரையில் ஓட்டை விழும். ஏப்ரல், மே மாதங்களில் கிருஷ்ணகிரிப் பாறைகளின் மேல் கேமராவை மல்லாத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது அந்தத் திரைக்கு முடிவு கட்டுவதற்குச் சமம். படம் எடுக்காத நேரமெல்லாம் மூடி லென்ஸின் மேல் இருக்கட்டும்.

5. தூரமானி சரியாக இருக்கிறதா

வியூஃபைண்டரில் பார்த்தால் நடுவே நிறம் சற்று மாறிய ஒரு சிறு திட்டு தெரியும். அதற்குள் பொருள் இரண்டாகத் தோன்றும். லென்ஸைச் சுழற்றி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் கிடைத்தது என்று பொருள். முதலில், திருப்பிச் சுற்றும் குமிழின் அடியில் உள்ள சிறு நெம்புகோலை நகர்த்தி உங்கள் கண்ணுக்கேற்பப் பார்வையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பலர் இது இருப்பதே தெரியாமல் மங்கலாகப் பார்த்துக்கொண்டு கண்ணைக் குறைசொல்கிறார்கள்.

இப்போது லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒன்றைப் பாருங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் இதற்குப் பஞ்சமில்லை. வானத்தை ஒட்டித் தனியாக நிற்கும் குன்றுப் பாறை, தொலைவில் தெரியும் உயர்அழுத்த மின்கோபுரம், எது வேண்டுமானாலும் சரி. இரண்டு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் தூரமானியைத் திருத்த வேண்டும். சோர்க்கி-4-இல் முன்பக்கச் சன்னல்களுக்கு இடையே உள்ள சிறு மூடித் திருகைக் கழற்றினால் உள்ளே திருத்தும் திருகு தெரியும். ஒரு தடவைக்கு ஊசிமுனை அளவு மட்டும் திருப்பிப் பாருங்கள்.

முடிவிலி சரியாக இருப்பது பாதிச் சோதனைதான். பிலிம் ஓடும் தடத்தின் மேல் டிரேசிங் பேப்பரைச் சமமாக ஒட்டி, வேகத்தை ‘பி’ குறியில் வைத்து ஷட்டரைத் திறந்து பிடியுங்கள். லென்ஸில் ஒளி புகும் துளையை (அப்பர்ச்சர்) முழுவதும் திறந்துவிட்டு, அளவு நாடாவால் ஒரு மீட்டர் அளந்து வைத்த பொருளைப் பாருங்கள். தூரமானி ‘சரி’ என்று சொல்லும் இடத்தில் பேப்பரின் மேல் விழும் பிம்பமும் கூர்மையாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், லென்ஸும் கேமராவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். வேறொரு லென்ஸை மாட்டிப் பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஃபெட்-2-இன் தூரமானிச் சன்னல்களுக்கு இடையே 67 மி.மீ. இடைவெளி. சோர்க்கி-4-இல் 38 மி.மீ. இடைவெளி கூடினால் துல்லியமும் கூடும். 85 மி.மீ. ஜூபிடர்-9 போன்ற நீள லென்ஸை முழுத் துளையில் பயன்படுத்த விரும்புபவர்கள் ஃபெட்-2-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது.

6. லென்ஸ்

50 மி.மீ. எஃப் 2 ஜூபிடர்-8, 55 மி.மீ. எஃப் 2.8 இண்டஸ்டார்-61. இந்த இரண்டில் ஒன்று போதும். எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் சிறியதாக இருந்தால் துளை பெரிது.

டார்ச்சை லென்ஸின் பின்னால் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. சீரான பால் மங்கல் என்றால் உள்ளே கிரீஸ் ஆவியாகிப் படிந்திருக்கிறது. முன்கண்ணாடியில் ஓரிரு கீறல் இருந்தால் படம் கெட்டுவிடாது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் வாங்காதீர்கள்.

ஃபோகஸ் வளையம் கல் போல் இறுகியிருந்தால் பழைய கிரீஸ் காய்ந்துவிட்டது. வலுக்கொடுத்துத் திருப்பினால் லென்ஸே மரையிலிருந்து கழன்று வரும். அதைக் கழற்றிப் புது கிரீஸ் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிரிக்கும்போது மரை எந்த இடத்தில் விடுபட்டது என்று குறித்துக்கொள்ளாமல் பிரித்தவர்கள் மீண்டும் சேர்க்க முடியாமல் திண்டாடியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெரிய பொறி இருக்கிறது. உள்ளே மிரர் வைத்த பழைய செனித் எஸ்எல்ஆர் கேமராக்களின் லென்ஸ்களிலும் ஃபெட், சோர்க்கியில் உள்ள அதே 39 மி.மீ. மரை உண்டு. ஃபெட்டில் திருகினால் அழகாக அமரும். ஆனால் அவை பிலிமிலிருந்து 45.2 மி.மீ. தள்ளி நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. ஃபெட், சோர்க்கிக்கு வேண்டியது 28.8 மி.மீ. ஆகவே எந்தத் தூரத்திலும் படம் தெளிவாக விழாது. தூரமானியையும் அது அசைக்காது. விற்பவர்களே சில சமயம் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டருக்கானதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

லென்ஸின் முன் ஒரு நிழல்குழல் (லென்ஸ் ஹூட்) மாட்டுங்கள். இந்தப் பழைய கண்ணாடிப் பூச்சுகள் எதிர்வெயிலைத் தாங்காது, படம் வெளிறிவிடும். ஜூபிடர்-8, இண்டஸ்டார்-61 இரண்டுக்கும் 40.5 மி.மீ. மரை பொருந்தும்.

7. இப்போது பிலிம்

முதல் ரோலாக ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வு எண்) 100 அல்லது 200 வாங்குங்கள். நம் வெயிலில் 400 போட்டால் 1/500, எஃப் 16 என்று போக வேண்டியிருக்கும். பழைய ஷட்டர்கள் மிகவும் தடுமாறும் வேகம் அதுதான்.

நிழலில் நின்று போடுங்கள். அடியில் உள்ள இரண்டு பூட்டுகளையும் தூக்கித் திருப்பிப் பின்மூடியைக் கீழ்நோக்கி இழுங்கள். பிலிமின் நாக்கை ஸ்பூலின் பிடிக்குள் செருகி, ஓரத் துளைகள் பல்சக்கரத்தின் பற்களில் இரு பக்கமும் அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மூடுவதற்கு முன் ஒருமுறை முறுக்குங்கள். நாக்கு நழுவாமல் ஸ்பூலில் சுற்றினால் மட்டுமே மூட வேண்டும்.

மூடியபின் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றிக் கேசட்டில் உள்ள தொய்வை எடுங்கள். இனி ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் அந்தக் குமிழ் தானாக எதிர்த்திசையில் சுழல வேண்டும். அது சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் நீங்கள் காற்றில் படமெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடம் வந்த வெறும் நெகட்டிவ்களில் பெரும்பகுதி இந்த ஒன்றைக் கவனிக்காததால் வந்தவை.

அதற்கு ஒரு மறைமுகக் காரணமும் உண்டு. ஷட்டர் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். ரோல் முடிந்து பிலிமைத் திருப்பிச் சுற்றும்போது அதை அழுத்தித் திருப்புவோம். அப்போது பல்சக்கரம் பிடியிலிருந்து விடுபடும். முன்பு பயன்படுத்தியவர் அந்த வளையத்தைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் விட்டிருந்தால், நீங்கள் எத்தனை முறை முறுக்கினாலும் பிலிம் நகராது. பிலிம் போடுவதற்கு முன் அந்த வளையத்தைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

மூடியபின் இரண்டு வெற்றுப் படங்களை எடுத்துவிட்டு, எண்காட்டியைக் கையால் பூஜ்யத்துக்கு வையுங்கள். முறுக்குவது நிதானமாக இருக்கட்டும். வேகமாக முறுக்கினால் ஓரத் துளைகள் கிழியும்.

8. வெளிச்சக் கணக்கு

திறந்த வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/250, எஃப் 16. லேசான மேகத்துக்கு எஃப் 11, முழு மேகத்துக்கு எஃப் 8, அடர்ந்த மேகத்துக்கு எஃப் 5.6, கட்டடத்தின் திறந்த நிழலுக்கு எஃப் 4.

இந்த எண்களைப் புத்தகத்தில் படித்தவர்கள் நம் ஊரில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று மாந்தோப்பு. கிருஷ்ணகிரியின் வளர்ந்த மாமரங்களின் அடியில் நிழல் மிகவும் அடர்த்தி. எஃப் 4 போதாது, எஃப் 2.8-க்கோ எஃப் 2-க்கோ போக வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னொன்று உச்சிவெயிலில் முகம். தலையில் துண்டு கட்டியவர், சும்மாடு வைத்தவர் ஆகியோரின் கண்கள் கரும்பள்ளமாகிவிடும். முகத்துக்காக ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது ஒளியை இரு மடங்காக்குங்கள்.

கலர் நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியை நன்றாகத் தாங்கும், குறைவான ஒளியைத் தாங்காது. சந்தேகம் வந்தால் கூட்டுங்கள். செல்போன் செயலியை வைத்து முதல் சில நாட்கள் உங்கள் ஊகத்தைச் சரிபாருங்கள். பிறகு அது தேவைப்படாது.

இந்த மாவட்டங்களின் நடுகற்களைப் படமெடுக்க விரும்புபவர்களுக்கு: உச்சிவெயிலில் போகாதீர்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை வேளைகளில் ஒளி கல்லின் மேல் பக்கவாட்டில் உரசிச் செல்லும்போதுதான், தேய்ந்த வாளும் வில்லும் எழுத்தும் எழுந்து நிற்கும். அப்போது வெளிச்சம் இரண்டு ஸ்டாப்புக்கும் மேலே குறைந்திருக்கும், அதைக் கணக்கில் எடுங்கள்.

9. ஃபோகஸ் செய்யும் பழக்கம்

தூரமானியில் பிம்பங்கள் இடமும் வலமுமாகத்தான் நகர்கின்றன. ஆகவே செங்குத்துக் கோட்டைத் தேடுங்கள். மின்கம்பம், கதவு நிலை, தூண், சேலையின் மடிப்பு. கேழ்வரகு வயலின் வரப்பு போன்ற படுக்கைக் கோடுகளில் எவ்வளவு திருகினாலும் முடிவு தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு, மீண்டும் படுக்கையாக்கிப் படமெடுங்கள்.

போச்சம்பள்ளிச் சந்தை போன்ற நெரிசலில் ஒவ்வொரு படத்துக்கும் பிம்பத்தைச் சேர்க்க நேரமிருக்காது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல், சுமார் ஏழரை மீட்டரில் வைத்தால், ஏறத்தாழ நான்கு மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் விழும். அதைவிடக் கிட்டே போக வேண்டுமென்றால் மூன்று மீட்டரில் வைத்துக்கொண்டு, அந்தத் தூரத்துக்கு உங்கள் காலால் நகருங்கள். மூன்று மீட்டர் என்பது எத்தனை எட்டு என்று வீட்டு முற்றத்தில் அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

அருகிலிருந்து எடுக்கும்போது தலை வெட்டுப்படுவது புதியவர்களின் பொதுவான புகார். வியூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே இருக்கிறது, அது பார்ப்பதைவிட லென்ஸ் சற்றுக் கீழே பார்க்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் கேமராவைக் கொஞ்சம் உயர்த்திக் குறிவையுங்கள்.

10. முதல் ரோல் சோதனைக்கு

முதல் ரோலை நினைவுக்கான படங்களுக்குச் செலவிடாதீர்கள். ஒகேனக்கல் பயணத்துக்கும், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கும் இந்த ரோலைக் கொண்டுபோனவர்களின் வருத்தத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நிழலில் உள்ள ஒரு வெற்றுச் சுவரை எடுங்கள். ஐஎஸ்ஓ 200 பிலிமில் 1/30 எஃப் 11, 1/60 எஃப் 8, 1/125 எஃப் 5.6, 1/250 எஃப் 4, 1/500 எஃப் 2.8. ஐந்துமே பிலிமுக்குத் தரும் ஒளி ஒன்றுதான். நெகட்டிவில் ஐந்தும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் நலம். அடுத்து, துளையை முழுவதும் திறந்து ஒரு மீட்டர், ஒன்றரை, மூன்று, முடிவிலி என்று நான்கு படங்கள். மீதியை மனம்போல எடுங்கள். ஒவ்வொரு படத்தின் எண், வேகம், துளை, தூரம் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். எழுதாத ரோலிலிருந்து எதையும் கற்க முடியாது.

ரோல் முடியும் இடத்தில் முறுக்கு இறுகும். அங்கே நிறுத்துங்கள். 37-ஆவது படத்துக்காக இழுத்தால் பிலிம் கேசட்டிலிருந்து பிய்ந்துவிடும், பிறகு இருட்டறையில்தான் திறக்க முடியும். பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை அழுத்தித் திருப்பி, பிலிமை மெதுவாகத் திருப்பிச் சுற்றுங்கள். எதிர்ப்பு விட்டுப்போன பிறகும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். வளையத்தை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

11. நெகட்டிவைப் படித்தல்

பிலிம் கழுவித் தரும் லேபிடம் ஸ்கேன் மட்டும் வாங்காமல் நெகட்டிவையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். குறைகளை ஸ்கேனில் மறைத்துவிட முடியும், நெகட்டிவில் மறைக்க முடியாது.

படமும் இல்லை, ஓரத்தில் அச்சாகியிருக்க வேண்டிய எண்களும் இல்லை என்றால் கழுவியதில் தவறு. ஓர எண்கள் தெளிவாக இருந்து படங்கள் மட்டும் இல்லை என்றால் பிலிம் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் லேபுடன் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

நெகட்டிவில் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி (ஸ்கேனில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும்) என்றால் திரையில் ஊசித்துளை, நான்காம் படிக்குத் திரும்புங்கள். படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அடர்த்தி மெல்ல மாறினால் இரண்டு திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை. கறுப்புப் பட்டை படத்தின் எல்லையைத் தாண்டி ஓரத் துளைகள் வரை போனால் பின்மூடி வழியாக ஒளி கசிகிறது. அங்கே கறுப்புக் கம்பளி நூல் ஒட்டினால் போதும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் முறுக்கு முழுமையாகவில்லை.

12. இதே லென்ஸ் மிரர்லெஸ் கேமராவில்

பிலிம் செலவு தாங்காதவர்களுக்கு இது நல்ல வழி. சோனி, ஃபியூஜி, நிக்கான் இசட் போன்ற, உள்ளே மிரர் இல்லாத டிஜிட்டல் (மிரர்லெஸ்) கேமராக்களில் சென்சாருக்கும் லென்ஸ் பிடிப்புக்கும் இடையே உள்ள தூரம் 28.8 மி.மீ.யைவிடக் குறைவு. எனவே மீதி இடைவெளியை நிரப்பும் ஒரு வெற்று வளையமே அடாப்டர். உள்ளே மிரர் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆரில் இந்த இடைவெளி அதிகம், ஆகவே ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் அதில் மிக அருகில் உள்ளதை மட்டுமே தெளிவாகக் காட்டும்.

ஹீலியோஸ் 44-2 போன்ற எம்42 மரை லென்ஸ்கள் வேறு கதை. அவை கேனான் டிஎஸ்எல்ஆரில் மெல்லிய வளையத்தோடு முழுமையாக வேலை செய்யும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் தொலைவு கிடைக்காது. ஹீலியோஸில் துளைக்கு இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் எல்லையைக் குறித்துவிட்டு, மற்றொன்றை முழுவதும் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு எல்லை வரை மூடிப் படமெடுக்க வேண்டும். மூட மறப்பதுதான் இங்கே நடக்கும் தவறு.

கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் படமெடுக்க’ அனுமதிக்கும் தேர்வை இயக்குங்கள், இல்லையென்றால் பொத்தான் வேலை செய்யாது. உள்ளே அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணைக் கையால் பதியுங்கள். மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் சற்று மெல்லியதாக இருக்கும், லென்ஸ் முடிவிலியையும் தாண்டிப் போய்விடும். எனவே வளையத்தில் உள்ள எண்ணை நம்பாமல் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

35 மி.மீ. ஜூபிடர்-12 வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். அதன் பின்கண்ணாடி கேமராவுக்குள் ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கேமராவின் உட்பகுதியில் இடிக்காது என்று உறுதியாகத் தெரியாமல் திருகாதீர்கள்.

13. தூசி, மழை, வெப்பம்

இங்கே தூசியில் கிரானைட் பொடி கலந்திருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் கண்ணாடியைவிடக் கடினமானவை. கண்ணாடியைத் துணியால் துடைப்பதற்கு முன் ஊதியால் ஊதித் துகளை அகற்றாவிட்டால், துடைக்கும் கையே கீறிவிடும். சட்டை நுனியால் துடைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறுபவர்கள் லென்ஸுக்கு முன் யூவி ஃபில்டர் மாட்டுங்கள். சாரல் ஃபில்டரில் விழுந்தால் துடைத்துவிடலாம்.

வெயில் காலத்தில் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். சூட்டில் கிரீஸ் உருகித் துளையின் இதழ்களில் வழியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஓசூர், தளி பக்கம் இருப்பவர்கள் இன்னும் கூடுதலாக, பூஞ்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதிலிருந்து கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் போடலாம். மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து முறை அழுத்தி, ஃபோகஸ் வளையத்தை முழுச் சுற்றும் சுழற்றிவிட்டு, ஷட்டரை முறுக்காத நிலையில் திரும்ப வையுங்கள்.